உழைச்ச ஓட்டம்

1

பந்து எறிகிறவர்களில் யார் முதலாம் ஆள், யார் கடைசி ஆள் என்று சரியாகச் சொல்லத் தெரியாததால் இந்தக் கோடையில் என்னை முதியோர் இல்லத்தில் விடப் பார்த்தார்கள். ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு இது பகிடியாகத் தெரியும். எனக்கும் இப்போது கொஞ்சம் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

எங்கள் வாசிகசாலைச் சஞ்சிகைக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ பெரியம்மா என்று தங்கச்சியின் மகன் கேட்டுக்கொண்டே இருந்தான். நான் வேலணையில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடுகிற இடத்தில் வாய் திறக்கமாட்டேன். கலியாண வீட்டில் படம் எடுக்கிறவர் வந்தால் பெரிய உடம்புக்காரர் யாருக்காவது பின்னால் போய்விடுவேன். எழுதுகிறபோது என் முகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை என்றுதான் ஒத்துக்கொண்டேன். படம் மட்டும் கேட்கக் கூடாது.

ரொறன்ரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு பழைய அப்பார்ட்மென்டில் எட்டாம் மாடியில் இருக்கிறேன். என் கணவர் காலமான பிறகு தனியாகத்தான். மகன் ரவி காரில் பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிறான். மகள் வதனி பிக்கரிங்கில் புது வீடு வாங்கி இருக்கிறாள். இரண்டு பேரும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. என் அடுப்பில் நான் சமைத்து, என் திறப்பால் நான் கதவைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்கோ கடைக்கோ போய் வருவது எனக்குப் போதும். இந்த நாட்டில் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

பங்குனி மாதம் தூளுக்கு மிளகாய் வறுத்தேன். புகை மணி அடித்தது. தீயணைக்கிறவர்கள் வந்தார்கள். கட்டடத்துச் சனம் முழுவதும் குளிருக்குள் கீழே இறங்கி நின்றது. கட்டடத்துப் பொறுப்பாளர் ரவிக்குப் போன் எடுத்து, உன் அம்மா அடுப்பை மறந்துபோனா என்று சொல்லியிருக்கிறார். நான் மறக்கவில்லை. அகப்பையோடு அடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்றேன். மிளகாய் வறுத்தால் புகை வராமல் பன்னீரா வரும்? ஆனால் அதை அவருக்குச் சொல்ல எனக்கு ஆங்கிலம் இல்லை. பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் வந்தால் அவர்கள் கதையை நிறுத்தத் தொடங்கினார்கள். ஒருமுறை "ஹோம்" என்ற சொல் காதில் விழுந்தது. வந்த புதிதில் ஆங்கில வகுப்பில் ஹோம் என்றால் வீடு என்று படிப்பித்தார்கள். பிள்ளைகள் அந்தச் சொல்லைக் குரலைத் தாழ்த்திச் சொன்னால் அது வீடு இல்லை.

2

பேஸ்போல் என்பது இங்கே கோடைக்கால விளையாட்டு. பனி கரையும்போது தொடங்கி, இலை சிவக்கும்போது முடியும். அது தொடங்கிய கிழமையே ரவி வேலை முடிந்து நேராக என்னிடம் வரத் தொடங்கினான். அதுவரை ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். வந்தாலும் கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டே நிற்பான். இப்போது சப்பாத்தைக் கழற்றிவிட்டு சோபாவில் சாய்ந்தான். தனியப் பார்க்க அலுப்பாக இருக்கிறது, நீங்களும் வந்து இருங்கோ என்றான். அவனுடைய வீட்டில் கதவளவு ரீவி இருக்கிறது. என்னுடையது அவன் வேண்டாமென்று தந்தது.

எனக்குச் சந்தேகம் வந்தது. மருமகளோடு பிரச்சினையோ என்று அவன் போட்டிருந்த சேட்டைப் பார்த்தேன். மடிப்பு விழ மினுக்கியிருந்தது. இரண்டாம் நாள் மருமகள் புட்டும் கறியும் கொடுத்துவிட்டிருந்தாள். மருமகள் இல்லை என்றால் வேறு என்னவோ என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிரிக்கெட் மாதிரித்தான், ஆனால் பந்தை நிலத்தில் குத்தாமல் எறிகிறார்கள். எங்கள் பக்கத்தில் கையை மடக்கி எறிந்தால் "எறியிறான், எறியிறான்" என்று சனம் கத்தி ஆளை நிறுத்திவிடும். இங்கே எறிகிறவனுக்குத்தான் பெரிய பெயர். பிச்சர் என்பார்கள்.

நம்பத்தகுந்த விளையாட்டு இல்லை இது என்று முதல் நாளே கண்டுகொண்டேன். எறிகிறவனோடு கதைக்க யாராவது போனால் இரண்டு பேரும் தோல் கையுறையால் வாயை மூடிக்கொண்டு கதைக்கிறார்கள். உதட்டைப் பார்த்து மற்றப் பக்கம் கண்டுபிடித்துவிடுமாம். எறிகிறவனின் தொப்பிக்குள் ஏதோ கருவி இரகசியம் சொல்லுகிறது. இடையில் நடுவர் வந்து அவனுடைய உள்ளங்கையை விரித்துப் பார்க்கிறார், ஏதாவது பசை பூசியிருக்கிறானோ என்று. எல்லாவற்றையும் விடப் பெரிய அதிசயம், இந்த விளையாட்டில் களவு இருக்கிறது. அடித்தவன் மைதானத்தின் நாலு மூலையையும் சுற்றி வந்தால் ஒரு ஓட்டம். ஒரு மூலையில் நிற்கிறவன், எறிகிறவன் பார்க்காத நேரம் அடுத்த மூலைக்கு ஓடிவிட்டால் அது களவு. பிழை இல்லை. பலகையில் போட்டுக் கைதட்டுகிறார்கள்.

நான் சந்தைக்குப் போனால் மீனைப் பார்க்கமுதல் தராசைப் பார்க்கிறவள். ஆனபடியால் எனக்கு இந்த விளையாட்டுப் பிடித்துவிட்டது. யாரும் யாரையும் நம்பவில்லை, நம்புகிற மாதிரி நடிக்கவும் இல்லை.

எங்கள் நகரத்து அணியில் முறைபோட்டு எறிகிறவர்கள் ஐந்து பேர். அவர்களுடைய பெயர்கள் என் நாக்கில் நிற்கவில்லை. நானே பெயர் வைத்தேன். நெட்டையன். தாடிக்காரன். இடக்கையன். எந்த நேரமும் வாய் அசைகிறபடியால் சப்பிறவன். எறியமுதல் நெஞ்சில் சிலுவை போடுகிறபடியால் வேதக்காரன். ரவி விழுந்து விழுந்து சிரித்தான். அவன் அப்படிச் சிரித்துக் கனகாலம். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளிலிருந்தே அவனுடைய சிரிப்பெல்லாம் ஆங்கிலத்தில் போய்விட்டது.

3

ரவிக்கு ஒரு பழக்கம். விளையாட்டு முடிந்ததும் போனைத் திறந்து, முழு லீக்கிலும் இப்போது எந்தப் பிச்சர் எத்தனையாம் இடம் என்று பார்ப்பான். வென்றது தோற்றதை வைத்துப் போடுகிற வரிசையை அவன் ஏற்கமாட்டான். அடிக்கிறவர்கள் நன்றாக அடித்தால் மோசமாக எறிந்தவனும் வெல்லுவான், அது அவனுடைய கெட்டித்தனமா என்பான். எத்தனை பேரை அடிக்கவிடாமல் வெளியே அனுப்பினான், எத்தனை பேரை அடிக்காமலே முதல் மூலைக்குச் சும்மா நடக்கவிட்டான் என்றெல்லாம் பார்ப்பான். எல்லாவற்றிலும் பெரிதாக ஒரு இலக்கம் இருக்கிறது. அதுதான் வரிசைக்கு வரிசை. எனக்காக எங்கள் ஐந்து பேரை மட்டும் அந்த இலக்கத்தின்படி வாசிப்பான்.

அது என்ன இலக்கம் என்று கேட்டேன்.

"ஏர்ன்ட் ரன் எண்டு சொல்லுவினம் அம்மா. ஏர்ன் பண்ணுறது எண்டால் உழைக்கிறதுதானே. உழைச்ச ஓட்டம். ஒன்பது இன்னிங்ஸ், அதுதான் ஒரு முழு விளையாட்டு, எறிஞ்சால் ஒருத்தனுக்கு எத்தினை உழைச்ச ஓட்டம் வரும் எண்டு கணக்கு."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்று நினைத்தேன். ஒவ்வொருவரின் பெயருக்கு நேரேயும் அவரவர் உழைத்தது எழுதியிருக்கிறது. நெட்டையன் ஆகக் குறைய. தாடிக்காரன் ஆகக் கூட. இலக்கம் சின்னதில் தொடங்கிப் பெரிதுக்குப் போகிறபடியால், ஆகச் சிறந்தவன் அடியில் இருக்கிறான்.

உழைக்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை. என் கணவர் இந்த நாட்டுக்கு வந்து பகலில் கோப்பை கழுவினவர், பின்னேரத்தில் ஆட்கள் வேலை முடிந்து போன கந்தோர்கள் துடைத்தவர். ஊரில் ஒரு ஆளைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டும் என்றால் "அவன் உழைப்பாளி" என்போம். அதற்குமேல் ஒரு பட்டம் இல்லை. தாடிக்காரன் களைத்துக் களைத்து எறிகிறான். அடி வாங்கிவிட்டு, நெற்றியைத் துடைத்துவிட்டு, திரும்பவும் எறிகிறான். நெட்டையன் எறிந்துவிட்டு வியர்க்காமல் போய் இருக்கிறான். உழைப்பு யாரிடம் இருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்தது.

அடுத்த நாள் ரவி கேட்டான், நேற்று ஆர் அம்மா முதலாம் ஆள் என்று.

தாடிக்காரன் என்றேன்.

இல்லை அம்மா, நெட்டையன் என்றான். இவன் நெட்டையன் பக்கம், வடிவான ஆட்களுக்குத்தான் எல்லாரும் பக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு அடுத்த நாளும் கேட்டான். தாடிக்காரன் என்றேன். அன்றும் திருத்தினான். பிறகு கேட்டபோது முதலில் இருந்து ஐந்துவரை எல்லாரையும் சொல்லச் சொன்னான். நான் அடியில் இருந்து மேலே சொன்னேன். அவன் திருத்தவில்லை. சரி அம்மா என்று மெல்லச் சொல்லிவிட்டுப் பல்கனிக்குப் போய்ப் போன் கதைத்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே வாயைக் கையால் மூடிக்கொண்டு கதைத்தான்.

பிழை பிடிக்கிறவன் பிழை பிடிக்காமல் விட்டால் அதில் ஏதோ இருக்கிறது.

4

வதனி நகரத்துக்குள் வேலைக்குப் போய் ரயிலில் பிக்கரிங் திரும்புகிறவள். ரயிலில் இருந்துதான் எனக்குப் போன் எடுப்பாள். சாப்பிட்டீங்களோ, மருந்து போட்டீங்களோ, குளிரோ என்று மூன்று கேள்வி. நான் மூன்றுக்கும் ஓம் என்றால் கதை முடிந்துவிடும். அவளுக்கு விளையாட்டென்றால் சின்ன வயதில் இருந்தே வெறுப்பு. தமையனோடு ரீவிக்குச் சண்டை பிடித்துக் கையைக் கடித்தவள்.

ஆனி மாதம் ஒருநாள் மூன்று கேள்வியும் முடிந்த பிறகு நாலாவது வந்தது.

"அம்மா, பேஸ்போலிலை இப்ப ஆர் முதலாம் இடம்?"

உனக்கேன் உது என்று கேட்டேன். சும்மா என்றாள். என் பிள்ளைகள் சும்மா என்று சொன்னால் ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. நான் மறுமொழி சொல்லாமல் இருந்தேன். எனக்குக் கதைக்கத்தான் தெரியாது, கதைக்காமல் இருக்க நன்றாகத் தெரியும். ரயிலில் அறிவிப்புச் சொல்லுகிற சத்தம் கேட்டது. பிறகு அவளே சொன்னாள்.

"அண்ணா சொன்னவர், நீங்கள் ஒவ்வொரு நாளும் தலைகீழாச் சொல்லுறீங்களாம். சொல்லித் தந்தாலும் அடுத்த நாள் மறந்துபோறீங்களாம். கோவிக்காதேங்கோ அம்மா. எங்களுக்குப் பயமா இருக்கு."

அப்படியென்றால் சித்திரையில் இருந்து என் மகன் என் வீட்டில் சோபாவில் சாய்ந்திருந்து என்னைச் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறான். நடுவர் உள்ளங்கையை விரித்துப் பார்க்கிற மாதிரி. வதனி மிச்சத்தையும் சொல்லிவிட்டாள். ஆவணியில் ஒரு தாதி வீட்டுக்கு வந்து என்னைப் பார்ப்பா. என் நிலைமை சரியில்லை என்று சொன்னால் ஹோமுக்குப் பெயர் பதியலாம். இடம் கிடைக்கக் காலம் எடுக்குமாம், ஆனபடியால் வெள்ளெனப் பதிய வேணுமாம்.

போனை வைத்தபிறகு நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. கோபத்தில் ஒரு வேலை செய்தேன். சோதனை என்று தெரிந்துவிட்டது, சோதனைக்குப் படிப்பதுதான் முறை என்று ஒவ்வொரு நாளும் ஐந்து பேரின் வரிசையையும் பாடமாக்கினேன். சாமிப்படத்துக்கு முன்னால் நின்று ஒருமுறை சொல்லிப் பார்ப்பேன். தாடிக்காரன், சப்பிறவன், வேதக்காரன், இடக்கையன், நெட்டையன். வரிசை மாறினால் மாற்றிப் பாடமாக்குவேன். ரவி கேட்டால் மூச்சுவிடாமல் சொல்லுவேன். அவனுடைய முகம் ஒவ்வொரு நாளும் இன்னும் வாடியது. நான் திறமாகச் சொல்லச் சொல்ல அவன் ஏன் வாடுகிறான் என்று எனக்கு விளங்கவில்லை. எப்படியும் என்னை ஹோமுக்கு அனுப்பத்தான் நினைக்கிறான், நான் கெட்டிக்காரியாக இருப்பது அவனுக்கு இடைஞ்சல் என்று நினைத்தேன். பெற்ற பிள்ளையைப் பற்றி அப்படி நினைத்தேன்.

5

தாதி வயதான வெள்ளைக்கார மனுசி. முழங்காலில் பட்டி போட்டிருந்தா. மேசையில் ஒரு போனை வைத்தா. அதற்குள் இருந்து மொழிபெயர்க்கிற பிள்ளையின் குரல் வந்தது. இந்தியத் தமிழ். எனக்கு அது வசதியாக இருந்தது. முகம் இல்லாத ஆளோடு கதைக்க வெட்கம் வராது. ரவி பக்கத்தில் இருந்தான். வதனி வேலையில் லீவு எடுத்து வந்து அடுப்படி வாசலில் நின்றாள்.

இன்றைக்கு என்ன நாள், வீட்டு இலக்கம் என்ன என்று கேட்டா. சொன்னேன். மணிக்கூடு கீறச் சொன்னா. கீறினேன். வட்டம் கொஞ்சம் பலாக்கொட்டை மாதிரி வந்தது, ஆனால் இலக்கமெல்லாம் இடத்தில் இருந்தது. பிறகு அடுத்த கேள்வி.

"இப்ப என்ன சீசன் நடக்குதுன்னு கேக்கறாங்கம்மா" என்றது போன்.

"பேஸ்போல் சீசன்" என்றேன்.

ரவி நெற்றியில் கை வைத்தான். தாதி கோடையா குளிரா என்றுதான் கேட்டிருக்கிறா. நான் சொன்னதைப் போன் ஆங்கிலத்தில் சொன்னதும் பெரிதாகச் சிரித்தா. சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினா. எழுதினது எனக்குப் பயமாக இருந்தது. அவவும் பேஸ்போல் பார்க்கிறவவாம். அப்படியென்றால் எங்கள் அணியில் ஆகச் சிறந்த பிச்சர் யார் என்று கேட்டா. சோதனை வந்துவிட்டது என்று நிமிர்ந்து இருந்து ஐந்து பேரையும் சொன்னேன். ரவி எந்தப் பெயர் யார் என்று சொல்லிக்கொடுத்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஆங்கிலத்தில் ஏதோ சேர்த்தான். எனக்கு முழுக்க விளங்கவில்லை. ஒவ்வொரு நாளும் இப்படித்தான் என்கிறான் என்பது விளங்கியது.

தாதி பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு சின்னக் கேள்வி கேட்டா.

"அந்தத் தாடிக்காரர்தான் முதல்னு ஏம்மா நினைக்கறீங்க?" என்றது போன்.

சித்திரையில் இருந்து ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. நான் போனைப் பார்த்துச் சொன்னேன். "ஐஞ்சு பேரிலையும் அவர்தானே கூட உழைச்சிருக்கிறார், பிள்ளை. பக்கத்தில எழுதியிருக்கெல்லோ. நெட்டையன் ஆகக் குறைய உழைச்சவன்."

போனுக்குள் இருந்த பிள்ளைக்குப் பேஸ்போலும் தெரியாது, எங்கள் வீட்டுக் கதையும் தெரியாது. நான் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டது. அதில் "ஏர்ன்ட்" என்ற சொல் என் காதிலும் விழுந்தது. தாதி ஒரு கணம் யோசித்தா. பிறகு ரவியின் பக்கம் திரும்பி, உன் அம்மா சொல்வது சரிதானே, ஐந்து பேரில் கூடுதலான ஏர்ன்ட் ரன் அந்த ஆளுக்குத்தானே என்றா. ரவி என் பக்கம் திரும்பினான்.

"அம்மா, உழைச்ச ஓட்டம் எண்டு நான்தானே சொன்னனான்?"

"ஓம்."

"அது நல்ல உழைப்பில்லை அம்மா. அவன் ஒழுங்கா எறியாததால மற்றப் பக்கம் எடுக்கிற ஓட்டம். கூடினால் கூடாது."

"பிழை எண்டால் பிழை எண்டு சொல்லியிருக்கலாமே, தம்பி."

வதனி அடுப்படி வாசலில் நின்று சிரிக்கத் தொடங்கினவள் அழுதுகொண்டு உள்ளே போய்விட்டாள்.

6

எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்வதெழுதுதல் என்று ஒரு பாடம் இருந்தது. வாத்தியார் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். பிழைகளைச் சிவப்பில் சுழித்து, எத்தனை பிழை என்று மேலே போடுவார். பிழை குறைந்தவள் முதலாம் பிள்ளை. சிலவேளை அவரே சொல்லைப் பிழையாகச் சொல்லிவிடுவார், அல்லது யாராவது இருமி ஒன்றும் கேட்காமல் போகும். அது எங்கள் கணக்கில் வராது. நான் ஆக விரும்பின பாடம் அதுதான். அம்மா படுக்கையில் விழ, தம்பி தங்கச்சிகளைப் பார்க்க ஆள் இல்லாமல் நான் நிற்க வேண்டி வந்தது.

உழைச்ச ஓட்டமும் அதுதான் என்று ரவி அன்று சொல்லித் தந்தான். பந்தைப் பிடிக்க வேண்டியவன் தவறவிட்டு ஓட்டம் வந்தால் எறிந்தவனின் கணக்கில் போடமாட்டார்களாம். ஆனால் எறிகிறவன் மூலையில் ஆளை நிற்கவிட்டு வெளியே போய், பிறகு வந்தவன் எறியும்போது அந்த ஆள் ஓடினால், அது போனவனின் கணக்காம். விட்டுவிட்டு வந்ததுக்கு எங்கே இருந்தாலும் பொறுப்பு என்று நினைத்தேன், சொல்லவில்லை. எது யாருடைய பிழை என்று ஒரு ஆள் மேலே இருந்து தீர்ப்புச் சொல்லுவாராம். அவரை யார் பார்க்கிறது என்று கேட்டேன். ரவிக்குத் தெரியவில்லை.

தாதி இப்போதைக்கு ஹோம் தேவையில்லை என்று எழுதினா. அடுப்பு கனநேரம் எரிந்தால் தானாக நிற்கிற ஒரு கருவி பூட்டச் சொன்னா. மற்றது குடும்பத்தின் முடிவு என்றா. நான் சந்தேகப்பட்டது சரிதான், குடும்பம் அதோடு விடவில்லை. அந்தக் கிழமையே வதனி போனில் ஸ்பீக்கரில் இருந்தாள், ரவி சோபாவில் இருந்தான். பெயரை மட்டும் பதிந்து வைப்போம் அம்மா, கூப்பிட்டால் அப்போது யோசிக்கலாம் என்றாள். தனிய இருந்தால் விழக்கூடும், மறக்கக்கூடும், சின்னப் பிழை பெரிதாகப் போகும் என்றாள். ஹோமில் ஒரு பிழையும் வராது என்றாள்.

நான் வாழ்க்கையில் கனக்கக் கதைத்தவள் இல்லை. அன்று கதைத்தேன்.

"பிள்ளை, எழுதாதவளுக்கு எழுத்துப்பிழை வராது. பிழை குறைஞ்சவர்தான் முதலாம் ஆள் எண்டால், அடுப்பும் இல்லாமல் திறப்பும் இல்லாமல் ஹோமில கதிரையில இருக்கிறவர்தான் உலகத்திலயே முதலாம் ஆள். எனக்கு அந்த இடம் வேண்டாம். நான் இன்னும் கொஞ்சக் காலம் எறியப் போறன். அடி விழட்டும்."

ரவிதான் முதலில் வாய் திறந்தான். கனக்க இன்னிங்ஸ் எறிகிறவனை இங்கே இன்னிங்ஸ் தின்னி என்பார்களாம். தாடிக்காரன் அந்த வகையாம். அடி வாங்கினாலும் கூடுதலான நேரம் நின்று மற்றவர்களைக் காப்பாற்றுகிறவனாம். குறைய எறிந்தவனை வரிசையிலேயே சேர்க்கமாட்டார்களாம், இலக்கம் எவ்வளவு வடிவாக இருந்தாலும். அதை அவன் வதனிக்குத்தான் சொன்னான், ஆங்கிலமும் தமிழும் கலந்து. வதனி சரி, பெயர் பதியவேண்டாம் என்றாள். அந்தச் சரி தலையாட்டலா உண்மையா என்று போனில் தெரியாது. நம்பினேன்.

போனை வைத்தபிறகு அவனிடம் கேட்டேன்.

"இவ்வளவு நாளும் நீ என்னைப் பாக்க வந்தனியோ, சோதிக்க வந்தனியோ?"

அவன் ரீவியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அது அப்போது ஓடவில்லை.

"ரெண்டுக்கும்தான் அம்மா."

பாக்கத்தான் வந்தனான் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

7

இலை சிவக்கத் தொடங்கிவிட்டது. இந்தப் பருவத்துக்கான என்னுடைய வரிசையை ஊருக்குச் சொல்லிவிடுகிறேன். முதலாம் ஆள் நெட்டையன், அதை மறுக்க முடியாது, பிழை விடுகிறானில்லை. இரண்டாம் ஆள் தாடிக்காரன். இதை ரவி ஏற்கவில்லை, இலக்கத்தின்படி அவன் கடைசி என்கிறான். இலக்கத்தை அவன் வைத்திருக்கட்டும். மூன்றாவது இடக்கையன், நாலாவது வேதக்காரன். சப்பிறவன் ஐந்தாவது. வாயை மூடி எறிந்தால் மேலே வருவான்.

ரவி இப்போதும் வருகிறான். முந்தி மாதிரி யார் முதலாம் ஆள் என்று கேட்பதில்லை. நான் கேட்கிறேன், அவன் சொல்லுகிறான், நான் சண்டை பிடிக்கிறேன்.

கடைசிக் கிழமையில் வேதக்காரனுக்குத் தோள் நோவென்று கீழ் அணியில் இருந்து ஒரு புது ஆளைக் கொண்டுவந்தார்கள். மீசை அரும்பாத முகம். அவன் எறிந்த முதல் நாளே அவனுக்கு நல்ல பொருத்தமான ஒரு பெயர் வைத்தேன். ரவி தேத்தண்ணியைச் சிந்திச் சிந்திச் சிரித்தான். மருமகளுக்கும் போன் எடுத்துச் சொன்னான்.

அந்தப் பெடியன் நேற்றுத் திரும்பவும் எறிய வந்தான். வாறான் பார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. நான் வைத்த பெயர். தலைக்குள் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. தடவிப் பார்த்தேன், சுவர் மாதிரி இருந்தது. வேறு யாரும் எனக்குச் சோதனை வைக்கவில்லை. நானே வைத்து நானே விழுந்தேன்.

மறைத்திருக்கலாம். முந்தி என்றால் மறைத்திருப்பேன். இருமி, எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டிருப்பேன். ஆனால் அவன் எனக்கு ரெண்டுக்கும்தான் என்று உண்மை சொன்ன பிள்ளை.

"தம்பி, உவனுக்கு நான் வைச்ச பேர் எனக்கு வரேல்லை."

ரவி ரீவியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. போனை எடுக்கவில்லை, பல்கனிக்குப் போகவில்லை.

"எனக்கும் வரேல்லை அம்மா. ரெண்டு பேரும் மறந்துபோனம்."

முழு லீக்கிலும் யார் எத்தனையாம் இடம் என்று பாடமாக வைத்திருக்கிறவன் என் மகன். அந்தப் பெயர் அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எனக்குத் தெரியும். தராசைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது தெரியாதா? ஆனாலும் அவனுடைய முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு ஒரு பெயர் வைப்போமா என்று கேட்டேன். ஓம் என்றான். பெடியன் தொப்பியைக் காதோடு அமத்திப் பிடித்து இரகசியத்தைக் கேட்டுவிட்டு எறியத் தயாரானான். நாங்கள் இரண்டு பேரும் அவனுக்குப் பொருத்தமான பெயரைத் தேடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம்.